கவிஞர் ஷெனியேயின் காதலியும் கில்லட்டினில் இறந்தாளா?

பிரெஞ்சுப் புரட்சியில், கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறியில் கொல்லப்பட்ட கவிஞர் ஆந்த்ரே ஷெனியேயைப் பற்றிய பழைய ஊமைப்படங்களை நம்பலாமா, அவருடைய காதலியும் உடன் இறந்தாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கவில்லை. அது 1896-இல் மிலானில் அரங்கேறிய ஜோர்தானோவின் இசைநாடகம் பரப்பிய கற்பனை. சிறையில் ஷெனியேயின் கவிதைக்குக் காரணமாயிருந்த எமே த குவாஞி 1820 வரை வாழ்ந்தாள். 1794 ஜூலை 25 அன்று ஷெனியேயுடன் கொல்லப்பட்டவர்களில் ரூஷே என்ற இன்னொரு கவிஞர் இருந்தார். மூன்றே நாளில், இந்தக் கொலைகளை நடத்திய ஆட்சியின் தலைவர் ரோபஸ்பியரின் தலையும் விழுந்தது.

என்னைக் கேட்டால், படமாக எடுக்க வேண்டிய கதை ஷெனியேயின் தம்பி மரீ-ஜோசப்பினுடையது. அண்ணன் ஜாக்கபின்கள் என்ற தீவிரப் புரட்சிக் கட்சியினரைத் தாக்கி எழுதியவர். தம்பியோ மன்னருக்கு மரண தண்டனை கோரி வாக்களித்த மன்ற உறுப்பினர். அண்ணன் சேன்-லசார் சிறையில் மெல்லிய தாள் துண்டுகளில் பொடி எழுத்தில் கவிதை எழுதி, அழுக்குத் துணிகளுக்குள் மறைத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே ஜூலையில்தான், தம்பி எழுதிய புரட்சிப் பாடல் முதன்முறையாகப் பொதுவில் பாடப்பட்டது. அண்ணனைக் காப்பாற்றாதவன் என்ற பழியைப் பின்னாளில் கவிதை எழுதித்தான் அவர் மறுக்க வேண்டியிருந்தது. நான் மன்னராட்சிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். புரட்சி தொடங்கிய 1789-இன் மாற்றங்களை ஷெனியேயே வரவேற்றவர்தான்.

ஆனால் ஒரே சுருளில், ஏறத்தாழ 300 மீட்டரில், கதையை முடிக்க வேண்டியிருந்த அந்த ஊமைப்படக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசனமில்லாமல் அரசியல் பகையைக் காட்டுவதைவிடக் காதலைக் காட்டுவது எளிது. என் கோபமெல்லாம் இன்று அந்தப் படங்களைத் திரையிடுபவர்கள் மீதுதான். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கமொன்றில் புரட்சிக் காலத்து ஊமைப்படம் ஒன்றைக் காட்டினார்கள். நொடிக்குப் பதினாறு படச்சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) என்ற அளவில் எடுக்கப்பட்டதை இருபத்துநான்கில் ஓட்டியதால், கைதிகளை ஏற்றிய வண்டி துள்ளிக்கொண்டு ஓட, அரங்கமே சிரித்தது. பதினாறு நிமிடத்துக்கான சுருள் பதினொன்றில் தீர்ந்துவிடும் என்று நான் விளக்கியபோது, அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று பொறுப்பாளர் முடித்துக்கொண்டார்.

நீங்கள் இணையத்தில் பார்ப்பதாக இருந்தால், நடை இயல்புக்கு மாறாக விரைவாகத் தெரியும்போது வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.