கிளிங்கன் கேள்வி-பதில்: ‘பெரிய’ எங்கே நிற்கும்?

‘ஸ்டார் டிரெக்’ படங்களுக்காகப் புனைந்த கிளிங்கன் மொழியில் ‘டுஜ்’ கப்பல், ‘தின்’ பெரிய. ஓரிடத்தில் ‘டுஜ் தின்’ என்கிறார்கள், இன்னோரிடத்தில் ‘தின் டுஜ்’. எது சரி?
– வாசகர், முத்தியால்பேட்டை

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. ‘டுஜ் தின்’ பெரிய கப்பல். ‘தின் டுஜ்’ கப்பல் பெரியது. கிளிங்கனில் பெயரடை என்று தனி வகையே கிடையாது. ‘தின்’ ஒரு வினை: பெரிதாயிருத்தல். மார்க் ஓக்ரண்ட் இந்த மொழியை அமைத்தபோது செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று வரிசை வைத்தார். எழுவாய்க்குக் கடைசி இடம். ஆகவே வினை முன்னால் நின்றால் முழு வாக்கியம், பெயருக்குப் பின்னால் நின்றால் அடை. நாம் பெரிய, பெரியது என்று சொல்லின் வாலை மாற்றுகிறோம். அங்கே இடம் மாறுகிறது.

‘வீல் பிளான்ஷ்’ (‘வீல்’ நகரம், ‘பிளான்ஷ்’ வெள்ளை) கேட்டு வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அடை பின்னால் வருவது புதிதில்லை. ஆனால் பிரெஞ்சில் ‘பெத்தி செமினேர்’ (‘பெத்தி’ சிறிய) மாதிரி சிலது முன்னாலும் வரும். கிளிங்கனில் அந்தச் சலுகை இல்லை.

பெரிய நகரத்தில் என்பதற்கு ‘வெங்டாக் தின்’ என்று எழுதலாமா?
– மாணவி, வில்லியனூர்

கூடாது. ‘வெங் தின்டாக்’. வெங் நகரம், டாக் நம்முடைய ‘இல்’. அடை வந்துவிட்டால் உருபு பெயரை விட்டு அடையின் மேல் ஏறிவிடும். பன்மை விகுதி பெயரோடேயே இருக்கும்: ‘வெங்மெய் தின்டாக்’, பெரிய நகரங்களில். தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பேன். பெயரில் உருபைச் சேர்க்கக் கை தானாகப் போகும்.

பெயரெச்சம் உண்டா?
– ஆசிரியர், கடலூர்

உண்டு, கொஞ்சம் வில்லங்கமானது. ‘புக் லெக் யாஷ்’: குழந்தையை அதிகாரி பார்க்கிறார். ‘ஐ’ உருபு இல்லை, வரிசைதான் காப்பாற்றுகிறது. வினையோடு ‘போக்’ சேர்த்து ‘புக் லெக்போக் யாஷ்’ என்றால் குழந்தையைப் பார்க்கிற அதிகாரியா, அதிகாரி பார்க்கிற குழந்தையா? இரண்டுமாகலாம். தமிழில் எச்சம் தழுவும் பெயர் கடைசியில் நிற்பதால் இந்தக் குழப்பம் வராது. தெளிவு வேண்டுமென்றால் தலைமைப் பெயரோடு ‘எ’ சேருங்கள்: ‘புக்எ லெக்போக் யாஷ்’. இப்போது பேச்சு குழந்தையைப் பற்றி.

எண்களும் பின்னால்தானா?
– வாசகர், பாகூர்

இல்லை. ‘வெஜ் டுஜ்’ மூன்று கப்பல். நம் பேச்சைப் போலப் பன்மை விகுதி இல்லாமலே போதும். ‘டுஜ் வெஜ்’ என்று திருப்பினால் கப்பல் எண் 3. மூன்றாவது கப்பல் வேண்டுமா? ‘டுஜ் வெஜ்டிச்’.