டேட்டாபேஸை அப்கிரேட் செய்ததிலிருந்து சர்வர் தவழ்கிறது. ரேமை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா?

ஆகாது என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வார இறுதியில் டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றினீர்கள், டேட்டா அதேதான், மெஷின் அதேதான், அப்ளிகேஷனில் ஒரு வரி மாறவில்லை, ஆனால் திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் இழுக்கிறது. ஆபீசில் யாரோ ரேம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். எந்த டேட்டாபேஸ் என்று சொல்லவில்லை, போஸ்ட்கிரெஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரேம் யோசனையைச் சொன்னவர் உங்களுக்கு மேலே இருப்பவர், அவரிடம் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் தனியாக டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி, பெயர் வேண்டாம். ஆர்டர், நூல் ஸ்டாக், கட்டிங், பில் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் 11-க்கு 2023 நவம்பரோடு சப்போர்ட் முடிந்துபோனதால், அவர்களுடைய சாஃப்ட்வேர் வெண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து 15-க்கு மாற்றினார்கள். மாற்றியவர் வேலையைத் தப்பாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். வெர்ஷன் மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேட் எந்த எரரும் இல்லாமல் முடிந்தது, ஸ்கிரீன் திறந்தது, லாகின் ஆனது, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை மொத்த ஆபீசும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு போன் செய்த அக்கவுண்ட்ஸ் அக்கா சொன்னது: "முன்னாடியெல்லாம் டக்குனு வந்துடுங்க, இப்ப டீ குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க."

நான் போய்ச் சேர்வதற்குள் வெண்டர் பக்கத்திலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. புது வெர்ஷன் ஹெவி, ரேம் பத்தவில்லை, 64 ஜிபியை 128 ஆக்குங்கள். ஆதாரமாக, மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையின் ஸ்கிரீன்ஷாட், அதில் ஃப்ரீ என்ற நெடுவரிசையில் ஒரு ஜிபிகூட இல்லை. இந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பு வரும். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியையெல்லாம் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற நெடுவரிசையை. அதில் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் முதலாளி ஏற்கெனவே கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். "தம்பி, இதை வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். மதியம் வரை பொறுங்கள் என்றேன்.

முதலில் பார்த்தது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, எந்த செஷன் இப்போது என்ன செய்கிறது என்று காட்டும் பட்டியல். நீங்களும் அங்கேதான் தொடங்க வேண்டும், டாப் கட்டளையில் அல்ல. ஆக்டிவ் என்று இருக்கும் ஒவ்வொரு செஷனுக்கும் வெயிட் ஈவெண்ட் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். லாக் என்று வந்தால் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். டேட்டாஃபைல்ரீட் வரிசையாக வந்தால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறார்கள், அப்போது ரேமைப் பற்றிப் பேசலாம். அது காலியாக இருந்து, செஷன் ஆக்டிவாகவும் இருந்தால், அது எதற்காகவும் காத்திருக்கவில்லை, சிபியுவில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே இருந்தவை கிட்டத்தட்ட எல்லாமே காலி. அதாவது சர்வர் சோம்பேறியாகக் கிடக்கவில்லை, தேவையில்லாத வேலையை வெறியோடு செய்துகொண்டிருந்தது. நேற்று வரை நன்றாக ஓடிய அதே குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் அதே கேள்வி, இன்று சிபியுவைத் தின்கிறது என்றால், தரவை எடுக்க அது தேர்ந்தெடுக்கும் வழி, அதாவது பிளான், மாறிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதிக நேரம் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் குவெரியை எடுத்து, அதை ஓட்டி அதன் பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டேன். மூன்று டேபிள்களை இணைக்கும் ஜாயின். பிளானை முடிவு செய்யும் பிளானர் ஒரு இடத்தில் சில வரிகள்தான் வரும் என்று நினைத்து நெஸ்டட் லூப், அதாவது ஒவ்வொரு வரிக்கும் அடுத்த டேபிளில் போய்த் தேடும் முறையை எடுத்திருந்தது, நிஜத்தில் வந்தவை லட்சக்கணக்கில். நூறு பேருக்கு இலை வெட்டி வைத்த கல்யாணத்தில் ஊரே பந்தியில் வந்து உட்கார்ந்த மாதிரி. அடுத்து, டேபிள்களின் புள்ளிவிவரம் இருக்கும் பிஜி_ஸ்டாட்ஸ் வியூவில் அந்த டேபிளைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

இங்கேதான் விஷயம். பிஜி_அப்கிரேட் உங்கள் டேட்டாவைக் கொண்டுபோகும், ஆனால் 17 வரைக்கும் பிளானர் நம்பியிருக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸைக் கொண்டுபோகாது. எந்த நெடுவரிசையில் எத்தனை விதமான மதிப்புகள், எது அதிகம் வருகிறது என்கிற புள்ளிவிவரம் மொத்தமும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். அது இல்லாதபோது பிளானர் கையில் இருக்கும் பொதுவான ஊகங்களை வைத்து ஓட்டும். உதாரணமாக, ஒரு நெடுவரிசையில் 200 வித்தியாசமான மதிப்புகள் இருக்கும் என்று தானாகவே வைத்துக்கொள்ளும். உங்கள் பார்ட்டி கோடு 12 இருந்தாலும் அதே 200, ஸ்டைல் நம்பர் 80,000 இருந்தாலும் அதே 200. இரண்டு மூன்று கண்டிஷன் சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

பிஜி_அப்கிரேட் இதை மறைத்து வைக்கவும் இல்லை. முடியும்போது, ஸ்டாடிஸ்டிக்ஸை மறுபடி எடுக்க வேக்யூம்டிபி என்ற கருவியை ஆல், அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் என்ற ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள் என்று திரையிலேயே எழுதிக் காட்டும். யாரும் படிப்பதில்லை, எரர் இல்லை என்றவுடன் விண்டோவை மூடிவிடுகிறார்கள். அந்த ஸ்டேஜஸ் எதற்கு என்றால், முதல் சுற்றில் ஸ்டாடிஸ்டிக்ஸ் டார்கெட்டை, அதாவது எவ்வளவு விவரமாக எடுப்பது என்ற அளவை, 1 என்று வைத்து மேலோட்டமாக எல்லா டேபிளுக்கும் எடுக்கும், அடுத்து 10, கடைசியில் வழக்கமான அளவு. சீக்கிரம் கடையைத் திறக்க வசதி. ஆனால் ஏற்கெனவே நல்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கும் டேட்டாபேஸில் இதை ஓட்டாதீர்கள், நடுவில் கொஞ்ச நேரம் இருப்பதையும் கெடுத்துவிடும்.

பின்னணியில் ஓடும் பராமரிப்பு வேலையான ஆட்டோவேக்யூம் தானாகவே எடுத்துவிடாதா என்று கேட்பீர்கள். ஆட்கள் எழுதிக்கொண்டே இருக்கும் டேபிள்களுக்கு எடுக்கும், மெல்ல. யாரும் கைவைக்காத பழைய வருஷ டேபிள்களையும் மாஸ்டர் டேபிள்களையும் அது திரும்பிக்கூடப் பார்க்காது, ஜாயினில் காலை வாருபவை பெரும்பாலும் அவைதான். பார்ட்டிஷன் செய்த, அதாவது துண்டு துண்டாகப் பிரித்த டேபிளாக இருந்தால் தாய் டேபிளை அது எப்போதுமே அனலைஸ் செய்வதில்லை, நீங்கள்தான் கையால் போட வேண்டும்.

சரி, ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கும் அனலைஸ் கட்டளையைப் போட்டேன். அனலைஸ் ஓடும்போது யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, படிப்பதும் எழுதுவதும் அது பாட்டுக்கு நடக்கும். ஒரு டேபிளில் ஒரு கோடி வரி இருந்தாலும் வழக்கமான அமைப்பில் சுமார் 30,000 வரிகளைத்தான் மாதிரிக்கு எடுக்கும், அதனால் பயப்படும் அளவுக்கு நேரம் ஆகாது. முடிந்த பிறகும் சிபியு இறங்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகள் பழைய பிளானிலேயேதான் ஓடும், அவற்றை பிஜி_கேன்சல்_பேக்எண்ட் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பில் ஸ்கிரீன் பழையபடி டக்கென்று வந்தது.

இப்போதே ஒருவர் கமெண்டில் வருவார்: ஒரு அனலைஸுக்கா இவ்வளவு பில்டப்? ஐயா, அந்த ஒரு கட்டளை உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அன்று அந்த ஆபீசில் இருந்த எவருக்கும் தெரியவில்லை, கொட்டேஷன் மேசையில் இருந்தது. இன்னொருவர், 2025 செப்டம்பரில் வந்த 18-ல் பிஜி_அப்கிரேடே ஸ்டாடிஸ்டிக்ஸைக் கொண்டுபோகிறதே என்பார். உண்மை, பெரும்பகுதியைக் கொண்டுபோகிறது, கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் போட்டு நாமே உருவாக்கியவற்றைக் கொண்டுபோகாது. கேள்வி கேட்டவர் 18-க்குப் போனாரா என்று அவர் சொல்லவில்லை.

அதோடு முடியவும் இல்லை. நூல் ஸ்டாக் ரிப்போர்ட் இன்னமும் இழுத்தது. அதன் எக்ஸ்பிளெய்னில் சார்ட் எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க் என்று இருந்தது, அதாவது வரிசைப்படுத்தும் வேலையை மெமரியில் செய்யாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிச் செய்கிறது. இந்த வேலைக்கு ஒதுக்கும் மெமரியான வொர்க்_மெம் என்ன என்று கேட்டால் 4 எம்பி. டேட்டாவை வைத்துக்கொள்ளும் பொது மெமரியான ஷேர்டு_பஃபர்ஸ் 128 எம்பி. 64 ஜிபி மெஷினில் 128 எம்பி! புதிய கிளஸ்டர், அதாவது புது வெர்ஷனின் சர்வர், தன்னுடைய டிஃபால்ட் கான்ஃபிக் ஃபைலோடு எழுந்து நின்றிருந்தது, பிஜி_அப்கிரேட் அந்த ஃபைலைத் தொடவே தொடாது. பழைய டைரக்டரியில் பல வருஷமாக ட்யூன் செய்து வைத்த ஃபைல் அப்படியே கிடந்தது. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸும் அதே காரணத்தால் லோட் ஆகவில்லை, எந்த குவெரி அதிக நேரம் எடுக்கிறது என்று கேட்க வழியே இல்லாமல் போயிருந்தது. இரண்டு ஃபைலையும் டிஃப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தோம். பழைய ஃபைலை அப்படியே தூக்கி வைக்காதீர்கள், நடுவில் நீக்கப்பட்ட பாராமீட்டர் ஒன்று இருந்தாலும் சர்வர் எழும்பாது.

பிறகு ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் பாக்கி. முன்பு கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது, இப்போது சில விநாடிகள். எக்ஸ்பிளெய்னின் கடைசியில் ஜேஐடி என்று ஒரு பகுதி, குவெரியை ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் வசதி அது, நேரத்தில் முக்கால்வாசி அங்கேயே போயிருந்தது. 11-ல் ஜேஐடி வந்தது, ஆனால் டிஃபால்ட்டாக ஆஃப். 12 முதல் டிஃபால்ட்டாக ஆன். 11-லிருந்து 15-க்குத் தாவுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கோட்டைத் தெரியாமலேயே தாண்டுகிறார்கள். ஆஃப் செய்தேன், சரியானது. அதே 12-ல்தான் வித் போட்டு எழுதும் சப்குவெரிகளைத் தனியாக நடத்தாமல் உள்ளே கலந்துவிடும் மாற்றமும் வந்தது. பெரும்பாலும் நல்லதுதான், சில பழைய குவெரிகளுக்கு மட்டும் ஆகாது, அவற்றில் மெட்டீரியலைஸ்டு என்ற வார்த்தையைச் சேர்த்தால் பழையபடி நடக்கும். இதையெல்லாம் ஒன்றை மாற்றி, அளந்து பார்த்து, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். நான்கையும் ஒரே ரீஸ்டார்ட்டில் மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று தேடாதீர்கள்.

ரேமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டேட்டா வளர்ந்தால் ரேம் போடத்தான் வேண்டும். ஞாயிறு இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் டேட்டா வளரவில்லை என்பதுதான் என் வாதம்.

இவ்வளவும் எழுதிவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். ரேம் வாங்கியிருந்தால் கடைக்காரருக்கு அன்றே பணம் போயிருக்கும். என் பில் மாதக்கணக்கில் அவர்கள் டிரேயில் தூங்கியது. எனக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறது. 2024 ஏப்ரலில் வருமான வரியில் ஒரு விதி வந்தது, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் தராவிட்டால், தந்த பிறகுதான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதை எடுத்துச் சொன்னால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் இப்படித்தான். நம் ஊரில் கண்ணால் பார்க்கும் பொருளுக்குப் பணம் உண்டு, உட்கார்ந்து யோசித்ததற்குக் கிடையாது, அதுவும் வேலை அரை நாளில் முடிந்துவிட்டால் "அரை நாள் வேலைதானே தம்பி" வேறு. விடுங்கள்.

நீங்கள் போஸ்ட்கிரெஸ் இல்லையென்றால் சுருக்கமாக. மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0 என்றால், ஒரு குவெரியின் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் குவெரி கேஷ் என்ற ஒன்று இப்போது கிடையவே கிடையாது, அதை நம்பி ஓடிய அப்ளிகேஷன் திணறும். எழுத்துகளைச் சேமிக்கும் முறை புதிய டேபிள்களில் யூடிஎஃப்8எம்பி4, பழையவற்றில் யூடிஎஃப்8 என்று கலந்திருந்தால் ஜாயினில் பழைய பக்கத்து இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். எஸ்கியூஎல் சர்வர் என்றால், எந்த வெர்ஷன் போல நடக்க வேண்டும் என்று சொல்லும் கம்பாட்டிபிலிட்டி லெவலைப் பழையதிலேயே வைத்துக்கொண்டு, குவெரிகளின் பிளானையும் நேரத்தையும் பதிவு செய்யும் குவெரி ஸ்டோரை ஓடவிட்டு, பிறகு ஏற்றிப் பாருங்கள். அமேசான் கிளவுடில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய வால்யூம் எடுத்து அதில் அப்கிரேட் செய்திருந்தால், ஒவ்வொரு பிளாக்கும் முதல் முறை படிக்கும்போது பின்னாலிருந்து மெல்லத்தான் வரும், அந்த மந்தம் தானாகத் தெளியும்.

கூடவே ஓஎஸ்ஸையும் சென்ட்ஓஎஸ் 7-லிருந்து புதியதற்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28-ல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. டெக்ஸ்ட் நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யாவிட்டால், டேபிளில் இருக்கும் வரியே தேடினால் கிடைக்காமல் போகலாம். அதன் முன்னால் இந்த மெதுவெல்லாம் ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் பிறகும் இழுத்தால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ் வெளியீட்டைக் கமெண்டில் போடுங்கள். டேபிள் பெயர்களை மாற்றிவிடுங்கள். டெக்ஸ்டாகப் போடுங்கள், போனில் மானிட்டரைப் படமெடுத்துப் போட்டால் பதில் சொல்ல மாட்டேன்.