எளிய விதியில் உருவாகி, போக்கு பிடிபடாமல் போகும் எண் தொடர்வரிசை ஏதாவது உண்டா?

உண்டு. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததை எழுதும் ஃபிபனாச்சி வரிசையைப் பலரும் சொல்வார்கள், ஆனால் அதன் எந்த உறுப்புக்கும் நேரடிச் சூத்திரம் இருக்கிறது. என் ஓட்டு வான் எக் தொடர்வரிசைக்குத்தான். கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கிய தொடர்வரிசைக் களஞ்சியத்தில் இது 2010-இல் சேர்ந்தது.

விதி இவ்வளவுதான். 0 என்று எழுதுங்கள். கடைசியாக எழுதிய எண் முன்பு வந்ததே இல்லை என்றால் அடுத்து 0. வந்திருந்தால், அதற்கு முன் கடைசியாக எத்தனை இடத்துக்கு முன்னால் வந்தது என்று எண்ணி அதை எழுத வேண்டும். முதல் 0 புதுசு, அதனால் மறுபடி 0. அது ஓர் இடம் முன்னால் இருக்கிறது, அதனால் 1. அது புதுசு, அதனால் 0. இப்படியே:

0, 0, 1, 0, 2, 0, 2, 2, 1, 6, 0, 5, 0, 2, 6, 5, 4, 0, 5, 3, 0, 3, 2, 9...

ஒருமுறை ரயிலில் பொழுது போகாமல், 7 எப்போது வரும் பார்ப்போம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தேன். இருபது சொச்சம் போனதும் ஓர் இடத்தில் தப்பாக எண்ணிவிட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எழுதியது எல்லாம் குப்பை. அப்புறம் ஓரத்தில் ஒவ்வொரு எண்ணும் கடைசியாக வந்த இடத்தைக் குறித்துக்கொண்டே போனேன். கழித்தால் போதும், எண்ண வேண்டாம். 9-ஆவது இடத்தில் வந்த 1 திரும்ப 51-இல்தான் தலைகாட்டியது, அதனால் அடுத்த உறுப்பு ஒரேயடியாக 42. 14, 15, 17, ஏன் 8 கூட வந்துவிட்டது. 7 வந்தது 66-ஆவது இடத்தில்!

0 முடிவில்லாமல் வரும் என்பதற்கு அழகான நிரூபணம் உண்டு. 0 ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது எண் வந்தால் அடுத்து 0 வந்தாக வேண்டும். ஆக அதன்பிறகு புது எண்ணே கிடையாது. இருக்கிற எண்களே திரும்பத் திரும்ப வரும், பின்னால் பார்க்கும் தூரத்துக்கும் எல்லை வந்துவிடும். கடைசியில் செக்குமாடு மாதிரி ஒரே சுற்றுதான். ஆனால் சுற்றுக்குள் அடுத்த உறுப்பு தெரிந்தால் முந்தைய உறுப்பையும் சொல்லிவிடலாம். அதனால் அந்தச் சுற்றைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே முதல் உறுப்பு வரை போகலாம். அங்கே 0 உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலோ 0 இல்லை. முரண்.

சரி, எல்லா எண்ணும் என்றாவது வருமா? இதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.