நன்றாக வாசிக்கிறார்கள், பேச மட்டும் மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பத்தி பத்தியாக உரக்கப் படிக்கிறார்கள். கேள்விகளுக்குச் சரியாகவே விடை எழுதுகிறார்கள். ஆனால் “இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் எல்லாத் தலையும் குனிந்துவிடுகிறது. வாசிப்பை வைத்தே இவர்களைப் பேச வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்த வரிசை வாசிப்பை நிறுத்துங்கள். ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் கேட்பதில்லை; தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதில் பழகுவது உச்சரிப்பு மட்டும்தான். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கும் வேலையே அங்கே இல்லை.

கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் படித்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளை மொழிக் கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். பல வருடம் பிரெஞ்சு கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்ட அவர்கள், பேச்சில் அந்த அளவுக்குத் தேறவில்லை. யோசித்துப் பேசியே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்பது 1985-இல் அவர் சொன்ன காரணம். உங்கள் வகுப்பிலும் குறைவது அதுதான். எல்லோர் கையிலும் ஒரே பக்கம் இருக்கும்போது யார் யாருக்கு எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது?

அதனால் பக்கத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு கட்டுரையை 4 துண்டாக்கி, நால்வர் குழுவில் ஆளுக்கு ஒன்று. வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடி, புரியாததைப் பேசித் தெளிந்துகொள்ளட்டும். அப்புறம் தங்கள் குழுவுக்குத் திரும்பி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். தாளைக் கவிழ்ப்பதில் கறாராக இருங்கள். இல்லையென்றால் பார்த்துப் படித்துவிடுவார்கள். முழுக் கட்டுரையும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வியைக் கடைசியில் போடுங்கள். கேட்பவர்கள் “மறுபடி சொல்லு”, “ஏன் அப்படி?” என்று குறுக்கே கேட்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் குறுக்குக் கேள்விகள்தான். இந்த முறையை 1971-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரன்சன் உருவாக்கியது மொழி கற்பிக்க அல்ல, வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் ஒத்துப்போக. ஒருவரையொருவர் நம்பியே ஆகவேண்டும் என்ற அதே ஏற்பாடு மொழி வகுப்புக்கும் பொருந்துகிறது.

எளிய பகுதியாக எடுங்கள். 300 சொல் உள்ள பகுதியில் தெரியாத சொல் ஐந்தாறுக்கு மேல் இருந்தால், அகராதியைப் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். “பாடத்திட்டத்தில் இருப்பதே கடினமாச்சே” என்பீர்கள். சுருக்கி, எளிதாக்கிக் கொடுங்கள், தப்பில்லை.

மிகவும் கூச்சப்படுகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் மைக்கேல் வெஸ்ட் சொன்ன வழி ஒன்று உண்டு: ஒரு வரியை மௌனமாகப் படித்து, நிமிர்ந்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. தாளைப் பார்த்துக்கொண்டே வாயசைக்கக் கூடாது. சின்ன உரையாடல்களில் இருந்து தொடங்கலாம்.

ஓரளவு பேச வந்தபின், படித்ததை 4 நிமிடத்தில் ஒருவரிடம் சொல்ல வையுங்கள். ஆளை மாற்றி அதையே 3 நிமிடத்தில், இன்னொருவரிடம் 2 நிமிடத்தில். மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கிய பயிற்சி இது. விஷயம் பழகிவிடுவதால் மூன்றாம் முறை தடுமாற்றம் குறையும், மாணவருக்கே அது தெரியும்.

பேசும்போது திருத்தாதீர்கள். குழுக்களிடையே நடந்து, பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். நடுவே தாய்மொழியில் ஓரிரு வாக்கியம் வந்தால் விட்டுவிடலாம். அபராதம் போடுவதெல்லாம் வேண்டாம், இருக்கிற வாயும் மூடிக்கொள்ளும்.

இரைச்சல் பலமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.