உப்புக்காத்துக்கு எந்த கீல் தாங்கும்? மரப்பெட்டி செய்யறவங்க கேள்விகளுக்கு பதில்

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி: "பித்தளை கீல்னு சொல்லித்தான் வாங்கினேன், ஒரு மழைக்காலம் கூட தாங்கல, துரு புடிச்சிருச்சு. ஏன்ணே?"

தம்பி, பித்தளை செந்துரு புடிக்காது. நீங்க வாங்கினது இரும்புத் தகடு மேல பித்தளை முலாம். அடுத்த தடவை கடைக்குப் போறப்ப ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க, தகட்டுல, நடு ஊசியில, கூட தர்ற ஸ்க்ரூவுலன்னு மூணுலயும் வச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்பு. சில கீல்ல தகடு நல்ல பித்தளையா இருக்கும், ஊசியும் ஸ்க்ரூவும் இரும்பா இருக்கும், அங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பித்தளையும் இரும்பும் ஒட்டி இருந்து அதுல உப்பு ஈரம் பட்டா இரும்பு தனியா இருக்கறதை விட வேகமா அரிச்சுப் போகும். அதனால பித்தளை கீலுக்கு பித்தளை ஸ்க்ரூ, ஸ்டெயின்லெஸுக்கு ஸ்டெயின்லெஸ், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. 1914ல திறந்த உங்க ஊர் ரயில் பாலத்துல அரிப்பு காரணமா 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டுத்தான் கட்டிருக்காங்க, அந்தக் காத்துலதான் நம்ம பெட்டியும் இருக்கு.

தங்கச்சிமடம் அண்ணன் ஒருத்தர்: "போட்டுல வைக்கற சாமான் பெட்டிக்கு?"

316ங்கற ரக ஸ்டெயின்லெஸ்ண்ணே. 304 ரகம் வீட்டுக்குள்ள ஓகே, கடல் தண்ணி நேரா தெறிக்கற இடத்துல புள்ளி புள்ளியா அரிக்கும். 316ல மாலிப்டினம்ங்கற உலோகம் சேர்த்திருக்கறதால அது தாங்கும்.

கீழக்கரை அக்கா: "பித்தளை ஸ்க்ரூ முறுக்கும்போதே தலை ஒடிஞ்சிருது."

பித்தளை மெத்துன்னு இருக்கும் அக்கா, மரத்தை அதால அறுத்துட்டு போக முடியாது, தேக்கு வேங்கைன்னா கேக்கவே வேணாம். முதல்ல ஸ்க்ரூவை விட மெல்லிசான பிட்டால ஓட்டை போடுங்க, அப்புறம் அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை ஒருதரம் முழுசா ஏத்தி கழட்டிருங்க, மரை விழுந்துரும், கடைசியா பித்தளை ஸ்க்ரூல மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு கையாலயே திருப்புங்க, மிஷின் வேண்டாம். பெருசாகிப் போன ஓட்டைக்கு மூங்கில் குச்சியை பெவிக்கால் தொட்டு அடிச்சு, காஞ்சதும் சீவிட்டு புதுசா ஓட்டை போடலாம்.

தொண்டியில இருந்து: "கீல் மாட்டினதும் மூடி முன்பக்கம் தூக்கிட்டு நிக்குது, அமுக்கினா திரும்ப எழும்புது."

கீல் தகடு உக்கார மரத்துல எடுத்த பள்ளம் ஆழமா போயிருக்கு. பின்பக்கம் மரமும் மரமும் முதல்ல முட்டிக்குது, அதான் முன்பக்கம் எழும்புது. கழட்டி தகட்டுக்கு அடியில விசிட்டிங் கார்டு அட்டை ஒரு துண்டு வச்சு மாட்டிப் பாருங்க, பத்தலைன்னா இன்னொன்னு. ஸ்க்ரூ தலை தகட்டுக்கு மேல துருத்திட்டு இருந்தாலும் இதே கோளாறு வரும், அதையும் தடவிப் பாருங்க. புதுசா செய்யறப்போ கீலை மூடிப் புடிச்சு உருண்டைப் பகுதியோட கனத்தை அளந்து, அதுல பாதிக்கு ஒரு மயிரிழை குறைவா பெட்டியிலயும் மூடியிலயும் பள்ளம் எடுங்க. கோடு பென்சில்ல போடாதீங்க, கத்தி முனையால கீறினாதான் உளி அந்தக் கோட்டுல நிக்கும். ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு மூடித் திறந்து பாத்துட்டு அப்புறமா மத்ததை ஏத்துங்க.

தேவிபட்டினம் தம்பி: "கீல் எங்க வைக்கணும்?"

ரெண்டு ஓரத்துலயும் ஒரு கீல் நீளம் உள்ள தள்ளி. ஸ்க்ரூ நீளம் மூடிப் பலகை கனத்தை விட கம்மியா இருக்கணும், இல்லேன்னா முனை மேல எட்டிப் பாக்கும்.