யூரியா உணரியும் வட்டை வாய்க்காலும் – கடிதம்

ஐயா,
சம்மாந்துறைப் பக்கம். இறுதி வருட ஆய்வுக்கு, அமோனியம் மின்வாயின் மேல் யூரியேஸ் என்ற நொதியத்தைப் பூசி யூரியா உணரி செய்திருக்கிறேன். நியமக் கரைசலில் அழகான நேர்கோடு வருகிறது. வட்டை (நெல்வயல்வெளி) வாய்க்கால் தண்ணீரில் மட்டும் அளவு எக்கச்சக்கமாக ஏறுகிறது. யூரியா எறிந்து பத்து நாளாகியும் இறங்கவில்லை. உணர்திறனைக் கூட்ட கிராபீன் நல்லதா, நாக ஒட்சைட்டு நுண்துணிக்கை நல்லதா?

அன்புள்ள தம்பி,
இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். உணர்திறன் போதும். உங்கள் மின்வாய் எதை உணர்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

யூரியேஸ் யூரியாவை உடைக்கிறது, கீழேயுள்ள மென்சவ்வு, அமோனியத்தைப் பிடிக்கும் நொனாக்டின் என்ற சேர்வை கலந்தது, வரும் அமோனியத்தை அளக்கிறது. அந்த அமோனியம் நொதியம் தந்ததா, வாய்க்காலிலேயே கிடந்ததா என்று மென்சவ்வுக்குத் தெரியாது. தண்ணீர் நிற்கும் வயலில் எறிந்த யூரியாவை மண்ணிலுள்ள யூரியேஸே சில நாளில் உடைத்துவிடும். பத்தாம் நாள் நீங்கள் அளந்தது பெரும்பாலும் மிஞ்சிய அமோனியமும் பொற்றாசியமும்தான். நொனாக்டினுக்கு ஏறத்தாழ பத்துப் பொற்றாசியம் ஒரு அமோனியத்துக்குச் சமன். எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளை போட்ட வட்டையில் அதற்கா பஞ்சம்?

நியமக் கரைசலில் ஒரு நேர்கோட்டை வரைந்துவிட்டு உணரி முடிந்தது என்று அறிக்கை எழுதுகிற பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தண்ணீரில் முன்பே கிடந்ததை மட்டும் உணரும், நொதியமில்லாத சோடி மின்வாய் ஒன்று பக்கத்தில் இல்லாமல் எந்த யூரியா உணரியும் முடிந்ததல்ல.

சோடியைச் செய்வது கடினமில்லை. 20 மில்லிமோலர் பொசுபேற்றுத் தாங்கலில் யூரியேஸ் 5%, மாட்டு அல்புமின் புரதம் 5%, கிளிசரோல் 10%. சோடிக்கு யூரியேஸை விட்டுவிட்டு அல்புமினை 10% ஆக்குங்கள், மற்றதெல்லாம் அதே. இரண்டிலும் ஒரே அளவு துளி. அளவு மாறினால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும், வித்தியாசம் ஆடிக்கொண்டேயிருக்கும். குளுற்றரல்டிகைட்டு ஆவியில் இரண்டையும் ஒன்றாக 30 நிமிடம் வையுங்கள். கூடினால் நொதியம் இறுகிச் செத்துவிடும், குறைந்தால் படை தாங்கலில் கழுவுண்டு போகும். கிளிசரோலை மிச்சம் பிடித்தால் துளி காயும்போது வெடிக்கும். அளக்கும்போது பொற்றாசியம் பொசுபேற்று வேண்டாம், ட்ரிஸ் தாங்கலைப் பாவியுங்கள்.

ஒரு மின்வாயின் அளவிலிருந்து மற்றதன் அளவைக் கழித்தவுடன் யூரியா வந்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். மின்வாய் மடக்கையில் பேசுகிறது, 30 பாகை வெப்பத்தில் பத்து மடங்குக்கு 60 மில்லிவோல்ற். நொதியம் 0.1 மில்லிமோலர் அமோனியத்தைத் தருகிறது என்று வையுங்கள். தண்ணீரில் முன்பே 0.1 இருந்தால் வித்தியாசம் 18 மில்லிவோல்ற். முன்பே 1 இருந்தால் வெறும் 2.5. யூரியா அதேதான், எண் ஏழிலொன்றாகிவிடும். ஆகவே நியமக் கோட்டை வைத்து வாசிக்காதீர்கள். அதே வாய்க்கால் தண்ணீரில் தெரிந்த அளவு யூரியாவைச் சேர்த்து அளந்து, திரும்பவும் சேர்த்து அளந்து, அதிலிருந்து கணக்கிடுங்கள்.

சரிவராத அளவை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். வாவியோரத் தண்ணீரை இப்போதைக்குத் தொடவேண்டாம், அங்கே சோடியமும் சேர்ந்து குழப்பும். மேல்வட்டை வாய்க்காலில் முதலில் சரிவரட்டும். சோடி மின்வாயின் அளவுகளைத் தனியாக எழுதி அனுப்புங்கள்.