ஜெனீவாவிலிருந்து பனிமலைக்கு: சாரதியிடம் கேட்டவை

ஜெனீவா விமான நிலையத்தில் இறங்கி ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்களைத் தனி வாகனத்தில் கூட்டிப் போவது 17 குளிர்காலமாக என் வேலை. பிரான்ஸில் ஷமோனி, கூர்ஷெவெல், வால் டிசேர், சுவிஸில் வெர்பியே, செர்மாட் பக்கம் எல்லாம் ஓடியிருக்கிறேன். இந்த வருடம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து: அண்ணா, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஜெனீவாவில் இறங்குகிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். கூர்ஷெவெல் போக இரண்டரை மணி நேரம் என்று வரைபடம் காட்டுகிறது. சரியா?

சாதாரண நாளில் சரி. பிப்ரவரிச் சனிக்கிழமைக்குச் சரியில்லை தம்பி. நான்கு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் போன நாட்கள் உண்டு.

காரணம் எளிது. பிரான்ஸ் மலை ஊர்களில் வீடுகளும் விடுதிகளும் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரே நாளில் பழைய ஆட்கள் எல்லாரும் இறங்க, புதிய ஆட்கள் எல்லாரும் ஏறுவார்கள். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். கூர்ஷெவெல், மெரிபெல், வால் தொரன்ஸ், லா பிளாஞ், தீன்ய், வால் டிசேர் என்று எங்கே போவதானாலும் அல்பெர்வில்லிலிருந்து மூத்தியே வரை ஒரே பள்ளத்தாக்குச் சாலைதான். 1992 குளிர்கால ஒலிம்பிக் அல்பெர்வில்லில் நடந்தபோது அதை அகலமாக்கினார்கள். அந்த அகலமும் இன்றைக்குப் போதவில்லை. நெரிசல் முற்றினால் வழியிலேயே சிக்னல் போட்டு வாகனங்களை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள்.

என் முதல் யோசனை, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். விடுதி மறுத்தால் வெள்ளி இரவே ஜெனீவாவிலோ அன்சி ஏரிக்கரையிலோ தங்கிவிட்டு, சனி விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பலாம். எட்டு மணிக்கு முன் மூத்தியே தாண்டினால் மேலே ஏறுவது சுகமாக இருக்கும். அறை மாலைதான் கிடைக்கும், ஆனால் பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பனியில் விடலாம். இரண்டும் முடியாதென்றால், பதினொரு மணிக்கு இறங்கியதும் சாப்பாடு, கழிவறை எல்லாம் விமான நிலையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். பிரெஞ்சு அரசின் 'பிசோன் ஃபுத்தே' சேவை அந்தந்த நாளின் நெரிசலைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடும். கிளம்பும் நாளைக் குறிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

வயதான அப்பா அம்மாவை நான்கு மணி நேரம் காரில் உட்கார வைப்பது சின்ன விஷயம் இல்லை. வண்டி எவ்வளவு சொகுசானதாக இருந்தாலும் நெரிசலில் நின்றால் நிற்கத்தான் வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: செர்மாட்டில் எங்கள் ஹோட்டல் வாசல் வரை கார் வருமா?

வராது. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இடமில்லை. ஐந்து கிலோமீட்டர் கீழே தேஷ் என்ற ஊரோடு எங்கள் பயணம் முடியும். அங்கிருந்து 12 நிமிட ரயில். செர்மாட் நிலையத்தில் இறங்கினால் ஹோட்டலின் சின்ன மின்சார வண்டி வந்து நிற்கும். முன்கூட்டியே ஹோட்டலுக்கு ரயில் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். தேஷில் ரயில் மேடை வரை பெட்டிகளை ஏற்றிவிடுவது சாரதியின் வேலை. அதைச் செய்யாதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

எனக்கு நட்டமானாலும் ஒன்று சொல்கிறேன் அக்கா. நீங்கள் இரண்டு மூன்று பேர், சாமான் குறைவு என்றால் செர்மாட்டுக்கு ரயிலிலேயே போங்கள். ஜெனீவா விமான நிலையத்துக்கு அடியிலேயே நிலையம் இருக்கிறது. விஸ்ப் வரை நேர் ரயில், அங்கே ஒரு மாற்றம், மொத்தம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். காரில் வந்தாலும் தேஷுக்கு மூன்று மணி நேரம் ஆகும், பிறகு எப்படியும் ரயில் ஏறவேண்டும். லெமான் ஏரியை ஒட்டி லோசானிலிருந்து மோந்த்ரோ வரை போகும் அந்தப் பாதையை ரயில் ஜன்னலில் பார்ப்பதே தனி. சின்னக் குழந்தை, பெரியவர்கள், பனிச்சறுக்குச் சாமான் எல்லாம் சேர்ந்தால் மட்டும் கார் எடுங்கள்.

லண்டனிலிருந்து: ஜெனீவா விமான நிலையத்தில் பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு இருக்கிறதாமே. எங்கே வெளியே வருவது?

சாரதி உங்களிடம் எந்தப் பக்கம் என்று எழுதித் தந்தாரோ அந்தப் பக்கம். பெரும்பாலும் சுவிஸ் பக்க வருகைக் கூடத்தில்தான் பெயர்ப் பலகையோடு நிற்போம். பிரெஞ்சுப் பகுதிக்குப் போனால் சுற்றி வர நேரமாகும், குறிப்பாகச் சனிக்கிழமை.

டொராண்டோவிலிருந்து: இருபது வருடமாகப் பனியில் கார் ஓட்டுகிறேன். தனி வாகனத்துக்கு இவ்வளவு காசு எதற்கு? வாடகைக் கார் எடுத்தால் போதாதா?

உங்கள் கைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை அண்ணா. ஷமோனி என்றால் தாராளமாக எடுங்கள். சாலை கடைசி வரை நல்ல அகலம், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வால் தொரன்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வர, பின்னால் பத்து வண்டி நிற்க, பனி கொட்டும்போது நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கி எடுப்பது ஒன்டாரியோவின் நீண்ட சாலையில் ஓட்டுவது போல இருக்காது.

எடுப்பதானால் டயரைப் பாருங்கள். பிரான்ஸில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குறிப்பிட்ட மலைப் பகுதிகளில் விண்டர் டயர் வேண்டும், இல்லாவிட்டால் டயரில் மாட்டும் பனிச் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட அடையாளம் இருக்கும், அதைக் கண்ணால் பாருங்கள். சுவிஸில் விண்டர் டயர் கட்டாயம் என்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் சரியான டயர் இல்லாமல் வழியை மறித்தாலோ விபத்து நடந்தாலோ பொறுப்பு உங்கள் தலையில் விழும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங் விக்னெட், அதாவது சாலைக் கட்டண வில்லை, வேண்டும். அப்புறம், ஊருக்குப் போனபின் அந்தக் கார் ஆறு நாள் நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும், அதற்கும் நீங்கள்தான் காசு கட்டவேண்டும். இவை எல்லாவற்றையும் கூட்டி, பிறகு எங்கள் விலையோடு ஒப்பிடுங்கள்.

பெங்களூரிலிருந்து: ஏழு பேர். மெர்சிடீஸ் வி-கிளாஸ் வேனில் ஏழு பேர் போகலாம் என்று போட்டிருக்கிறது. ஒரு வண்டி போதுமா?

ஆட்கள் ஏழு பேர் உட்காரலாம். அவர்களுடைய பெட்டிகள் உட்கார முடியாது. குளிர்கால உடை என்றால் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, அதோடு பூட்ஸ் பை, பனிச்சறுக்குப் பலகை. ஐந்து பேருக்குத்தான் அந்த வண்டி உண்மையில் வசதி, ஆறு பேர் என்றால் சமாளிக்கலாம். ஏழு பேருக்கு ஸ்பிரிண்டர் என்ற பெரிய வேனைக் கேளுங்கள். உபகரணங்களை மேலே வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

மெர்சிடீஸின் எஸ்-கிளாஸ் சொகுசுக் கார் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அது நான்கு சக்கர இழுவை உள்ளதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைக் கேட்டால், பனியில் உயரமான வேன் தேவலை.

மதுரையிலிருந்து: அம்மாவுக்கு ஊட்டி, கொடைக்கானல் போனாலே வாந்தி வரும். வெர்பியே போகலாமா?

கட்டாயம் போகலாம். இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் பலர் சொல்லாமல் ஏறிவிட்டுப் பாதி வழியில் தவிக்கிறார்கள்.

ஜெனீவாவிலிருந்து மார்த்தினி வரை நெடுஞ்சாலை, அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. பிறகு பள்ளத்தாக்கு வழியாக லெ ஷாப்ல் வரையும் பரவாயில்லை. லெ ஷாப்ல் ஏறத்தாழ 820 மீட்டரில், வெர்பியே 1,500 மீட்டரில். அந்த ஏற்றம் முழுவதும் வளைவுக்கு மேல் வளைவு. ஆனால் லெ ஷாப்லிலிருந்தே வெர்பியேவுக்குக் கேபிள் கார் இருக்கிறது. அம்மாவும் இன்னொருவரும் அதில் ஏறட்டும், பெட்டிகளோடு வண்டி சாலையில் மேலே வந்து அவர்களை நிலையத்தில் எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் வெள்ளை மலைகளைப் பார்த்துக்கொண்டே மேலே போய்விடுவார்.

காரில் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், விமானத்தில் கொடுத்த எல்லாவற்றையும் சாப்பிடவும் வேண்டாம். வழக்கமாக மாத்திரை போடுகிறவர் என்றால் மலை தொடங்குவதற்கு முன்பே போடவேண்டும். வாசனைத் திரவியம் இல்லாத வண்டி வேண்டும், மெதுவாக ஓட்டவேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஒருமுறை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரைக் கூட்டிப் போனேன். தேசிக்காய், அதாவது எலுமிச்சை, ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே வந்தார், நான்கு இடத்தில் நிறுத்தினோம். அரை மணி நேரம் தாமதம், ஆனால் இறங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்றிலிருந்து என் வண்டியில் தேசிக்காய் இருக்கிறது.

துபாயிலிருந்து: ஒரே பாதைக்கு ஒருவர் சொல்லும் விலையில் பாதியை இன்னொருவர் சொல்கிறார். குறைந்த விலையை எடுக்கலாமா?

ஏன் குறைவு என்று கேட்டுவிட்டு எடுங்கள். நான் மேலே உங்களை இறக்கிவிட்டுப் பெரும்பாலும் வெறும் வண்டியாகத்தான் திரும்புவேன். அந்தத் திரும்பும் செலவும் விலைக்குள் இருக்கிறது. அதை மிச்சப்படுத்துவதற்காகச் சிலர் ஒரே சாரதியை விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை ஓடவிடுகிறார்கள். எனக்கே இது நடந்தது. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு நிறுவனம் ஒரே சனிக்கிழமையில் மூன்று பயணம் போட்டது. மூன்றாவது பயணத்தில் அன்சிக்குப் பக்கத்தில் கண் ஒரு கணம் மூடியது. பின்னால் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த திருப்பத்தில் நிறுத்தி இருபது நிமிடம் குளிரில் நடந்தேன். அந்த வாரமே அந்த வேலையை விட்டேன்.

அதனால் சொகுசு வண்டி என்று காசு கொடுக்கும்போது தோல் இருக்கையை விட, நன்றாகத் தூங்கி எழுந்த சாரதிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்று நினையுங்கள். 'அன்றைக்கு அவருக்கு இது எத்தனையாவது பயணம்?' என்று நேராகக் கேளுங்கள். நல்ல நிறுவனம் கோபப்படாது.

இன்னொன்று, பிரெஞ்சு இலக்கத்தகடு உள்ள வண்டி ஜெனீவாவில் ஆள் ஏற்றி வெர்பியேவில், அதாவது சுவிஸுக்குள்ளேயே, இறக்கக் கூடாது. போலீஸ் பிடித்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும், பனியில் பெட்டிகளோடு நிற்பது நீங்கள். விலையில் சாலைக் கட்டணம், காத்திருக்கும் நேரம், குழந்தை இருக்கை எல்லாம் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கொழும்பிலிருந்து: பிள்ளைக்கு எட்டு வயது. காரில் குழந்தை இருக்கை தேவையா?

தேவை. சுவிஸில் 12 வயது ஆகும் வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை. வயதோடு உயரத்தையும் எடையையும் அனுப்பினால் சரியான இருக்கை வரும்.

கோவையிலிருந்து: சுவிஸ் கொடுத்த விசாவில் பிரான்ஸுக்குள் போகலாமா?

போகலாம், இரண்டும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகள். ஆனால் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். எல்லையில் சில நாள் நிறுத்திக் கேட்பார்கள்.

மும்பையிலிருந்து: ஹெலிகாப்டரில் கூர்ஷெவெல் போய்விட்டால் நெரிசலே இல்லையே?

வானம் தெளிந்திருந்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம், காட்சி மறக்காது. ஆனால் கூர்ஷெவெல் வான்தளம் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேகம் இறங்கினால் யாரும் பறக்கமாட்டார்கள், பறக்கவும் கூடாது. சாமானுக்கும் அளவு உண்டு. பதிவு செய்தால் கீழே ஒரு காரும் தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: சூரிச்சிலிருந்து செயின்ட் மோரிட்ஸ்?

200 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வழியில் வரும் 2,284 மீட்டர் உயர யூலியர் கணவாயைக் குளிர்காலத்திலும் திறந்தே வைப்பார்கள், ஆனால் பனிச்சரிவு அபாயம் வந்தால் சில மணி நேரம் மூடுவது உண்டு. அப்போது கிளோஸ்டெர்ஸ் பக்கம் போய் வெரைனா சுரங்கத்தில் காரையே ரயிலில் ஏற்றிக் கடக்கலாம். சுரங்கம் 19 கிலோமீட்டர், 18 நிமிடம். பிள்ளைகளுக்குக் காருக்குள் உட்கார்ந்தபடியே ரயிலில் போவது பெரிய விளையாட்டு.

லோசானிலிருந்து: அண்ணா, எனக்கு 24 வயது, இங்கே பிறந்து வளர்ந்தவன். இந்தத் தொழிலுக்கு வரலாமா?

வாருங்கள் தம்பி. சாதாரண லைசென்ஸ் போதாது, காசுக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் 121 என்ற குறியீடு அதில் ஏறவேண்டும். அதற்கு மருத்துவச் சோதனை, ஓட்டும் நேரம் ஓய்வு நேரம் பற்றிய எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு மூன்றும் உண்டு. உங்களுக்குப் பிரெஞ்சு இருக்கிறது, தமிழ் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கும். வயதான தமிழ்ப் பெற்றோர் இங்கே இறங்கி, முதல் ஆளே 'பயணம் எப்படி அம்மா?' என்று கேட்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை சனி ஞாயிறு என்று ஒன்று இருக்காது, பண்டிகையும் இருக்காது. வீட்டில் அதைப் பேசிவிட்டு முடிவெடுங்கள். ஜனவரியில் வார நாள் ஒன்றில் எனக்கு எழுதுங்கள். மேலே ஆட்களை இறக்கிவிட்டு வரும்போது மார்த்தினியில் உங்களை ஏற்றிக்கொள்கிறேன். லோசான் வரை ஒரு மணி நேரம் இருக்கிறது, கேட்க வேண்டியதை எல்லாம் கேளுங்கள்.